நாலு பேண்ட், பதிமூணு பொண்ணுங்க, ஒரு மாடி ரூம்

போன வியாழக்கிழமை ராத்திரி பாத்தத எழுதணும்னு நாலு நாளா நெனச்சிட்டே இருக்கேன், ஆபீஸ்ல மீட்டிங்ல உக்காந்திருந்தாலும் கை தானா டேபிளுக்கு அடில தாளம் போடுது, இன்னைக்கு எழுதியே ஆகணும்.

கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி ஒரு பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறா. ரெண்டு வருஷமா பக்கத்து சீட்ல இருக்கா, எனக்கு இது தெரியவே தெரியாது. ஒருநாள் லிஃப்ட்ல அவ விரல் நுனில பிளாஸ்டர் ஒட்டியிருந்ததப் பாத்து என்ன ஆச்சுன்னு கேட்டப்பதான் சொன்னா. வியாழக்கிழமை எங்க மேடை ஷோ இருக்கு, நாலு பேண்ட், நாலுமே பொண்ணுங்க மட்டும்தான், பாதி பங்க் (வேகமா, கரடுமுரடா அடிக்கிற ராக்), பாதி இண்டி (பெரிய கம்பெனி பின்னாடி இல்லாம சொந்தமா பண்ற பாட்டு), டிக்கெட் 10 பவுண்ட், வர்றியான்னா. யோசிக்காம சரின்னுட்டேன்.

நான் இருக்குறது லண்டன்ல அல்பர்ட்டன்ல, ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வீட்டு மாடி ரூம்ல. ஆறு மணிக்கு ஜாக்கெட்ட மாட்டிட்டு கீழ இறங்கினா ஆன்ட்டி கிச்சன்ல நின்னு வெங்காயம் அரிஞ்சிட்டு இருந்தாங்க.

"எங்க பிள்ள, இந்தக் குளிருக்குள்ள வெளிக்கிட்டீர்?"

"பாட்டு ப்ரோக்ராம் ஆன்ட்டி. நாலு பேண்ட், எல்லாமே பொண்ணுங்க."

"பொம்பிளப் பிள்ளையள் மட்டுமோ? அப்ப ட்ரம்மும் அவையளோ அடிக்கிறது?"

"ஆமா ஆன்ட்டி, ட்ரம்மும்தான்."

ஆன்ட்டி ஒரு நிமிஷம் கத்திய அப்படியே நிறுத்தி என்னப் பாத்தாங்க, அப்புறம் "காதுக்குப் பஞ்சு வச்சுக்கொண்டு போம்"னு சொல்லிட்டு திரும்ப வெங்காயத்துக்குப் போயிட்டாங்க.

வெம்ப்ளி ஹை ரோடுல 18 ஆம் நம்பர் பஸ். இந்த பஸ்ஸப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். தினமும் ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்க இதுல ஹார்ல்ஸ்டன் வழியா போயிட்டு வர்றோம், அந்த ஹார்ல்ஸ்டன்ல ஒரு பழைய சினிமா கொட்டகை, கொலிசியம்னு பேரு, அங்கதான் 1977 மார்ச் 11 ஆம் தேதி த ஸ்லிட்ஸ்ங்கற பேண்ட் முதல் தடவையா மேடை ஏறுச்சு. கிளாஷ்ங்கற பங்க் பேண்டுக்கு முன்னாடி வாசிக்க வந்தாங்க. நாலு பொண்ணுங்க. பாடின ஆரி அப்புக்கு அப்ப 15 வயசு, பேண்ட் ஆரம்பிச்சப்போ 14. ட்ரம்ஸ் வாசிச்சது பால்மோலிவ், ஸ்பெயின்ல இருந்து வந்த பொண்ணு. அவங்க வாசிச்சதக் கேட்டீங்கன்னா தெரியும், மத்த ராக் ட்ரம்மருங்க மாதிரி ஹை-ஹேட்ல (ஜோடித் தட்டுல) டிக் டிக்னு நேரத்த எண்ணிட்டு இருக்க மாட்டாங்க, டாம்ங்கற பெரிய ட்ரம்கள்லயே உருட்டி உருட்டி அடிப்பாங்க, எனக்கு அது ஊர்ல சாமி பொறப்பாட்டுல கேக்குற அடி மாதிரி நெஞ்சுக்குள்ள விழும். முறையா கத்துக்கிட்டு மேடை ஏறினவங்க இல்ல அவங்க, மேடைலதான் கத்துக்கிட்டாங்க. அன்னைக்கு கிட்டார் கார்ட்ஸ் தப்பு, வேகம் நிக்காம ஓடுது, எல்லாம் உண்மை. ஆனா அவங்களப் பாத்துட்டுதான் ஹார்ன்ஸி ஆர்ட் காலேஜ்ல படிச்சிட்டு இருந்த ஜீனா பிர்ச்சுக்கு நம்மளும் வாசிக்கலாம்னு தோணுச்சு, கூடப் படிச்ச ஆனா ட சில்வாவோட சேந்து அதே 1977ல த ரெயின்கோட்ஸ்ங்கற பேண்ட ஆரம்பிச்சாங்க. ஸ்லிட்ஸ விட்டு விலகின பால்மோலிவ் பின்னாடி போய்ச் சேந்ததும் ரெயின்கோட்ஸ்லதான். 1992ல நிர்வானா பேண்டோட பாடகர் கர்ட் கோபேன் லண்டன் வந்து இந்த ரெயின்கோட்ஸ் ரெக்கார்டத் தேடி ரஃப் ட்ரேட் கடைக்குப் போனாரு, அங்க ரெக்கார்டு இல்ல, பக்கத்துல பழைய சாமான் விக்கிற கடைல ஆனா ட சில்வாவே இருக்காங்கன்னு வழி சொல்லி அனுப்பினாங்க. அடுத்த வருஷம் அந்த ரெக்கார்டு மறுபடி வெளிவந்துச்சு. ஒரு நல்ல பேண்ட் எவ்வளவு சுலபமா காணாமப் போயிடுது, யாராவது ஒருத்தர் கடை கடையா ஏறித் தேடினாதான் திரும்ப வருது, இத நெனச்சா எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

சரி, அன்னைக்கு ராத்திரிக்கு வர்றேன்.

இடம் ஒரு பப்போட மாடி ரூம். நூறு பேர் நின்னா மூச்சு முட்டும். மேடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. வாசல்ல கைல முத்திரை குத்துனாங்க, பக்கத்துல ஒரு கிண்ணத்துல ஆரஞ்சு கலர் இயர் பிளக், எடுத்துக்கோங்கன்னு. (ஆன்ட்டி சொன்ன பஞ்சு.) மூலைல ஒரு டேபிள் போட்டு டிஷர்ட், கேசட், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்ச சின்ன சின்ன 'ஜீன்' (தாங்களே எழுதிப் போடுற குட்டி பத்திரிகை). சவுண்ட் போர்டுக்குப் பின்னாடி நின்னதும் ஒரு பொண்ணுதான், முடிய மேல தூக்கிக் கட்டி கழுத்துல டார்ச் தொங்க விட்டுட்டு. நாலு பேண்டுக்கும் ஒரே ட்ரம் கிட், ஸ்னேர்ங்கற சின்ன ட்ரம்மும் சிம்பல்ங்கற பித்தளைத் தட்டும் மட்டும் அவங்கவங்க கொண்டு வரணும், அதனால ஒவ்வொரு பேண்டுக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷத்துல மாத்திட முடியுது.

முதல்ல வந்தவங்க ரெண்டே பேரு. ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ், ட்ரம்மர் உக்காராம நின்னுகிட்டே ரெண்டு ட்ரம்ம மட்டும் வாசிச்சா. அவங்களுக்கு அது ரெண்டாவது ஷோவாம். மெல்லிசான பாட்டு, பாட்டோட முடிவு எங்கன்னே தெரியாத மாதிரி முடிச்சாங்க. மூணாவது பாட்டு நடுவுல நின்னு போச்சு, கிட்டார் பொண்ணு ஒரு இடத்த விட்டுட்டா, அப்படியே நிமிந்து ட்ரம்மரப் பாத்தா, ட்ரம்மர் குச்சிய தட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு திரும்ப எண்ணினா, முதல்ல இருந்து வாசிச்சாங்க. கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல, ஒருத்தரும் சிரிக்கல, பாவமாவும் பாக்கல. ரெண்டாவது தடவ அந்த இடத்த தாண்டினப்போ முன்னாடி நின்ன நாலஞ்சு பேர் ஊன்னு கத்துனாங்க பாருங்க, எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

ஏன்னா பழைய ஞாபகம் ஒண்ணு வந்துச்சு. அப்ப எனக்கு பத்து வயசு. கும்பகோணம். எங்க தெருவுல ஒருத்தர் மிருதங்கம் சொல்லிக் குடுப்பாரு, சாயங்காலம் ஆனா பசங்க வரிசையா உக்காந்து தா தீ தொம் நம் அடிக்கிற சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேக்கும், நான் கதவ பிடிச்சிட்டு நின்னு தொடைல அதையே வாசிப்பேன். அப்பா கூட்டிட்டுப் போய் கேட்டாரு. அவரு என் கைய வாங்கி திருப்பிப் பாத்துட்டு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் இது, விரல் காச்சுப் போயிரும், வீணைல சேத்து விடுங்கன்னாரு. கோவமா சொல்லல, நல்லதுக்கு சொல்றோம்னு நெனச்சுதான் சொன்னாரு, அப்பாவும் தலையாட்டிட்டாரு. ஆறு வருஷம் வீணை கத்துக்கிட்டேன். வீணை பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனா வீணை வாசிச்சாலும் விரல் காச்சுதான் போவும், அத யாருமே சொல்லல.

ரொம்ப நாள் கழிச்சுதான் கடம் வாசிக்கிற சுகன்யா ராம்கோபால் பத்திப் படிச்சேன். சென்னைல விக்கு விநாயக்ராம்கிட்ட கடம் கத்துக்கணும்னு போய் நின்னப்போ பொண்ணுங்க கைக்கு இது கஷ்டம்னுதான் அவரும் முதல்ல சொல்லியிருக்காரு, அவரோட அப்பா ஹரிஹர சர்மாதான் நான் சொல்லித் தர்றேன்னு முன்வந்தாரு. கத்துக்கிட்டு மேடைக்கு வந்தப்புறமும் ஒரு பொம்பள கூட உக்காந்து வாசிக்க மாட்டோம்னு சொன்ன மிருதங்க வித்வான்கள் இருந்திருக்காங்க. சுகன்யா என்ன செஞ்சாங்க, ஸ்த்ரீ தாள தரங்னு பொண்ணுங்க மட்டும் வாசிக்கிற ஒரு குழுவ ஆரம்பிச்சாங்க. லண்டன்ல ஒரு பப் மாடில எலக்ட்ரிக் கிட்டார் சத்தத்துக்கு நடுவுல எனக்கு அவங்க நெனப்புதான் வந்துச்சு. ரெண்டும் வேற வேற இல்லன்னு தோணுச்சு, சேத்துக்க மாட்டேங்குறாங்களா, சரி நாமளே ஒரு ஜமுக்காளத்த விரிச்சு உக்காந்துக்குவோம், அவ்வளவுதான்.

ரெண்டாவது என் ஃப்ரெண்டோட பேண்ட். நாலு பேர், கீபோர்டும் உண்டு. ஆபீஸ்ல மெதுவா பேசுறவ, இங்க கால அகட்டி நின்னு பேஸ இடுப்புக்குக் கீழ தொங்க விட்டு வாசிக்கிறா, அந்தச் சத்தம் தரை வழியா ஏறி என் பல்லு வரைக்கும் வருது. வாடகை ரூம் சுவத்துல பூஞ்சை பிடிச்சதப் பத்தி ஒரு பாட்டு, எத்தன மெசேஜ் அனுப்பினாலும் ஓனர் பதில் சொல்லாதது, குளிக்கிற நேரம் ஜன்னல தொறந்து வைன்னு கடைசில ஒரு பதில் வர்றது, அத அப்படியே கோரஸா பாடுறாங்க. லண்டன்ல ரூம் எடுத்து இருக்குற எல்லாருக்கும் அது சொந்தக் கதை, ரூமே சேந்து பாடுச்சு.

அந்த செட்லதான் அது நடந்துச்சு. பாட்டு உச்சத்துல இருக்கும்போது கிட்டார் கம்பி அறுந்து சுருண்டு மேல தெறிச்சுது. வேற கிட்டார் இல்ல. கிட்டார் பொண்ணு மைக்ல இருந்து தள்ளிப் போயி தரைல உக்காந்து பையத் தேடுறா. என் ஃப்ரெண்டும் ட்ரம்மரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு ரெண்டே ரெண்டு நோட்ட மாத்தி மாத்தி வாசிச்சிட்டே இருக்காங்க, நிறுத்தல, அதே ரெண்டு நோட்டு, ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும், மெல்ல மெல்ல அதுவே ஒரு பாட்டாயிடுச்சு, கூட்டம் அதுக்கு ஆட ஆரம்பிச்சிருச்சு. அப்போ பின்னாடி இருந்து ஒரு சிவப்பு கிட்டார் தலைங்களுக்கு மேல வருது. கடைசி பேண்ட்ல வாசிக்கிற பொண்ணு தன்னோட கிட்டார குடுத்து அனுப்புறா, கூட்டம் கை மாத்தி கை மாத்தி கைக்குழந்தைய வாங்குற மாதிரி வாங்கி முன்னாடி கொண்டு போய் சேத்துச்சு. அத மாட்டி, கேபிள சொருகி, ஒரு தடவ கம்பிய தடவிப் பாத்து சரியா கோரஸ் வர்ற இடத்துல வந்து சேந்தா பாருங்க. அந்த நிமிஷத்துக்கே குடுத்த பத்து பவுண்ட் போதும்.

பிரேக்ல ஃப்ரெண்ட் தண்ணி குடிச்சிட்டே சொன்னா, போன வருஷம் வேற ஒரு இடத்துல ஆம்பள பேண்டுங்க நாலுக்கு நடுவுல இவங்க ஒரு பேண்ட், ஆம்ப்ப தூக்கிட்டு உள்ள போனா சவுண்ட் பாக்குற ஆளு இவள நிறுத்தி நீ யாரோட கேர்ள்ஃப்ரெண்ட்னு கேட்டாராம். அன்னைக்கு முழுக்க தப்பு பண்ணிடக் கூடாது, தப்பு பண்ணா பொண்ணுங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஆயிடும், இதே நெனப்புல வாசிச்சேன், இன்னைக்குதான் பாட்ட நெனச்சு வாசிச்சேன்னா. நான் இந்த போஸ்ட்ட எழுதுறதே இந்த ஒரு வரிக்காகத்தான். ஒரு லைன்-அப்ல பொண்ணுங்க பேண்ட் ஒண்ணே ஒண்ணு இருந்தா அது 'லேடீஸ் பேண்ட்', என்ன வாசிச்சாலும் அந்தப் பேருதான். நாலும் பொண்ணுங்கன்னா அந்தப் பேச்சே போயிடுது. யாரு ட்ரம்ஸ் இறுக்கமா வாசிச்சா, யாரு குரல் எங்க போய் உடையுது, எந்தப் பாட்டு நீளம், இதத்தான் பேசுறோம். முதல் பேண்டுக்கும் மூணாவது பேண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அத அன்னைக்குதான் நிம்மதியா கேக்க முடிஞ்சுது.

மூணாவது பேண்ட் சுத்தமான பங்க். மூணு பேர். பாடினது பஞ்சாபி பொண்ணு, காதுல பெரிய ஜிமிக்கி, கால்ல பூட்ஸ், இருபது நிமிஷத்துல பதினோரு பாட்டு. ஆரம்பிக்கும்போதே மைக்ல பொண்ணுங்கல்லாம் முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டா. எனக்கு முன்னாடி ஆறடிக்கு ஒருத்தர் நின்னுட்டு இருந்தாரு, திரும்பிப் பாத்து சாரின்னு சொல்லிட்டு ஒதுங்கி வழி விட்டாரு. அஞ்சடி ஒரு இஞ்ச் உயரத்துல நான் முதல் தடவையா ஒரு ஷோவுல மேடையத் தொடுற தூரத்துல நின்னேன். ட்ரம்மரோட மணிக்கட்டு தெரியுது, சிம்பல் மேல இருக்குற தூசி தெரியுது.

இந்த முன்னாடி வாங்கங்கற கூப்பாடு சும்மா வந்ததில்ல. அமெரிக்கால 90கள் ஆரம்பத்துல பங்க் ஷோன்னா மேடைக்கு முன்னாடி ஆம்பளைங்க மோதிக்கிற இடம், பொண்ணுங்க சுவரோரமா கோட்டு பையெல்லாம் பிடிச்சிட்டு நிப்பாங்க. பிகினி கில் பேண்டோட கேத்லீன் ஹன்னாதான் பொண்ணுங்க முன்னாடி வாங்கன்னு ஒவ்வொரு ஷோவுலயும் சொல்லி வர வச்சாங்க, பாட்டு வரிகள ஜெராக்ஸ் போட்டு பொண்ணுங்க கைல குடுத்தாங்க. வாஷிங்டன் மாநிலத்துல ஒலிம்பியான்னு ஒரு சின்ன ஊரு, அங்க 1991 ஆகஸ்ட்ல கே ரெக்கார்ட்ஸ்ங்கற பாட்டுக் கம்பெனி ஆறு நாள் ஒரு பெரிய விழா நடத்துனாங்க, அதோட முதல் ராத்திரி, ஆகஸ்ட் 20, கேப்பிட்டல் தியேட்டர்ல, முழுக்க முழுக்க பொண்ணுங்களுக்கு. பிராட்மொபைல்ங்கற பேண்ட் வாசிச்சாங்க. அவங்க கதைய நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், பேண்டுன்னு ஒண்ணு சரியா அமையறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட பேண்ட் இருக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவங்க, அத நம்பி அதே வருஷம் பிப்ரவரி 14க்கு ஷோவுக்கு கூப்பிட்டுட்டாங்க, அதுக்கப்புறம்தான் அவசர அவசரமா பாட்டு தயார் பண்ணாங்க. அந்த ஆகஸ்ட் ராத்திரிதான் ஹெவன்ஸ் டு பெட்ஸிங்கற ரெண்டு பேர் பேண்டுக்கு முதல் ஷோ. அதுல பாடின கொரின் டக்கருக்கு 18 வயசு. மூணு வருஷம் கழிச்சு அவங்கதான் ஸ்லீட்டர்-கின்னிங்கற பேண்ட ஆரம்பிச்சாங்க. முதல் பேண்ட் பொண்ணுங்க பாட்ட நிறுத்தி திரும்ப ஆரம்பிச்சப்போ எனக்கு இந்த ராத்திரி ஞாபகம் வந்துச்சு, அன்னைக்கு அந்த தியேட்டர்ல இருந்தவங்களுக்கும் இது எங்க போகும்னு தெரிஞ்சிருக்காது.

பஞ்சாபி பொண்ணப் பாத்ததும் இன்னொருத்தங்களும் வந்தாங்க மனசுல. பாலி ஸ்டைரீன். அப்பா சோமாலியாக்காரர், அம்மா பிரிட்டிஷ். தன்னோட 19வது பொறந்தநாள் அன்னைக்கு, 1976 ஜூலை 3, ஹேஸ்டிங்ஸ் கடற்கரைப் பாலத்துல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்ட் வாசிச்சதப் பாத்துட்டு வந்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்ங்கற பேண்ட ஆரம்பிச்சாங்க, பல்லுக்கு கம்பி போட்டுட்டே மேடைல நின்னு அலறினாங்க, பங்க்னா வெள்ளக்கார பசங்க சமாச்சாரம்னு யாராவது சொன்னா நான் அவங்க பேரத்தான் சொல்லுவேன். நம்ம பொண்ணு, பாடகி எம்.ஐ.ஏ. கதையும் இங்க இருந்து தூரமில்ல. லண்டன்ல மிச்சம் (Mitcham)ங்கற ஏரியால வளந்த மாதங்கி அருள்பிரகாசம் முதல்ல பாட்டுக்காரி இல்ல, எலாஸ்டிகா பேண்டோட அமெரிக்கா டூர வீடியோ எடுக்கப் போனவங்க, அந்த டூர்ல வாசிச்ச பீச்சஸ்ங்கற பாடகிதான் தாளமும் ட்யூனும் போடுற ரோலண்ட் எம்சி-505 மெஷின எப்படி வாசிக்கிறதுன்னு காட்டிக் குடுத்தாங்க. ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுக்கு இந்த பட்டன அமுக்கிப் பாருன்னு சொல்றது, அவ்வளவுதான் நடந்துச்சு, அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

கடைசி பேண்ட் வரும்போது மணி பத்தரை. ட்ரம்ஸ்ல வந்து உக்காந்தவங்களுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், நரைச்ச முடி, கண்ணாடி, விரல்ல வெள்ள டேப். அவசரமே இல்லாத வாசிப்பு. ஒவ்வொரு அடியும் விழறதுக்கு முன்னாடி கை மேல ஒரு நொடி நிக்குது, நாம காத்திருக்கோம், அப்பதான் விழுது. கிட்டார் எவ்வளவு அலறினாலும் அவங்க நகரல. அந்த பேண்டோட பாட்டு ஒண்ணு கூட எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, அந்தக் கை மட்டும் கண்ணுல நிக்குது.

முடிஞ்சப்புறம் எல்லாரும் கேபிள் சுத்திட்டு இருந்தாங்க. அவங்க சிம்பல துணில சுத்தி பைல வைக்கும்போது நான் பக்கத்துல போய் நின்னு, எவ்வளவு வருஷமா வாசிக்கிறீங்கன்னு கேட்டேன். முப்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்சேன், பையன் ஸ்கூல் போக ஆரம்பிச்சப்புறம்னாங்க. கை வலிக்காதான்னு கேட்டேன். டேப்ப பிரிச்சு கைய நீட்டினாங்க. கட்டைவிரல் ஓரத்துலயும் ஆள்காட்டி விரல்லயும் மஞ்சளா, வழுவழுன்னு, உள்ளங்கால் தோல் மாதிரி காச்சிருக்கு. தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன், தொட்டுப் பாத்தேன். இது வர்ற வரைக்கும்தான் வலி, வந்தப்புறம் குச்சி இங்க தானா உக்காந்துக்கும்னு சொன்னாங்க.

நைட் பஸ் புடிச்சு வீடு வரும்போது மணி ஒண்ணரை.

காலைல கீழ போனா ஆன்ட்டி புட்டு அவிச்சு வச்சிருந்தாங்க. "என்ன மாதிரி இருந்தது பிள்ள?"ன்னு கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், கம்பி அறுந்தது, கிட்டார் தலைக்கு மேல வந்தது, அந்த நரைமுடி ட்ரம்மர், காச்சுப்போன விரல். ஆன்ட்டி பேசாம கேட்டுட்டே இருந்தாங்க. அப்புறம் கைய ஏப்ரன்ல துடைச்சிட்டு சொன்னாங்க,

"நானும் பள்ளிக்கூட பாண்டில சைட் ட்ரம் அடிச்சனான். ஊரில. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள்தான் முன்னுக்குப் போறது, முழுக்கப் பொம்பிளப் பிள்ளையள். எனக்கு இதில காய் இருந்தது."

ஆள்காட்டி விரலோட ஓரத்த காட்டினாங்க. அங்க இப்ப ஒண்ணும் இல்ல, வெங்காயம் அரிஞ்ச சின்ன கீறல்தான் இருக்கு. ரெண்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், இதையும் நான் கேட்டதே இல்ல.

மேசைல கிடந்த ரெண்டு மரக்கரண்டிய எடுத்தாங்க, இடது கைய மலத்திப் பிடிச்சு, வலது கைய கவுத்துப் பிடிச்சு, மேசை விளிம்புல ஒரு உருட்டு உருட்டினாங்க. ஒரு அடி கூட தனியா கேக்கல, மழை பெய்யற மாதிரி ஒரே சத்தம். புட்டு தட்டு அதிருது. நிறுத்திட்டு, இடது கைல கரண்டி எங்க உக்காரணும்னு எனக்கு காட்ட ஆரம்பிச்சாங்க, அப்படி இல்ல பிள்ள, இறுக்காதயும், விடும், விடும்னு சொல்லிட்டே.

"அடுத்த முறை எத்தின மணிக்குத் தொடங்கும்?"னு கேட்டாங்க.

ஏழரைக்குன்னு சொன்னேன்.